அண்ணன் சொன்னதாக அக்கா சொன்னது

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வேலைக்காக மாதிரி வகுப்பு எடுக்க வந்த ஐந்து பேரில் நான்கு பேர் கவிதையை எடுத்தார்கள். கவிதை என்றால் கையை ஆட்டலாம், குரலை ஏற்றி இறக்கலாம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழுவும் புரிந்த மாதிரி தலையை அசைக்கும். நம் டீச்சர் ஒருத்திதான் ஆங்கில இலக்கணத்தை எடுத்தாள். அதிலும் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது. பிள்ளைகளுக்கு வேப்பங்காயாகக் கசக்கிற பாடம் அது. ஒருவர் சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டால் நேர்க்கூற்று. அவர் இப்படிச் சொன்னார் என்று இன்னொருவர் எடுத்துச் சொன்னால் அயற்கூற்று. இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு கொட்டாவி விடும். தெரிந்தே கிணற்றில் விழுகிறாளே என்று மற்ற நான்கு பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அவள் பலகையில் ஒரு வரிகூட எழுதாமல் ஆரம்பித்தாள். முன் பெஞ்சிலிருந்து இரண்டு பெண்களை எழுப்பி, ஒருத்தியை இன்னொருத்தியோடு ஆங்கிலத்தில் சண்டை போடச் சொன்னாள். சண்டை என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் பெண்ணுக்கு உண்மையிலேயே ஒரு வழக்கு இருந்தது. தன் பேனாவை இவள் எடுத்துவிட்டாள், நாளைக்கு இவளோடு பேச மாட்டேன் என்று உடைந்த ஆங்கிலத்தில் கத்தித் தீர்த்தாள். மூன்றாவதாக ஒருத்தி தூது போக வேண்டும். போனாள். போய், மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில், 'ஷீ செட் தட்' என்று ஆரம்பித்து, 'ஐ'யை 'ஷீ' ஆக்கி, 'வில்'லை 'வுட்' ஆக்கி, 'டுமாரோ'வை 'த நெக்ஸ்ட் டே' ஆக்கி, ஒரு பிழை இல்லாமல் சொல்லி முடித்தாள். குழுவில் ஒருவர் கைதட்டப் போனார்.

டீச்சர் தடுத்தாள். இலக்கணம் சரி, புத்தகம் கேட்பதும் அவ்வளவுதான் என்றாள். ஆனால் தபால்பெட்டிகூட இதைச் செய்யும். கத்தியவள் எந்த மனசோடு கத்தினாள்? கோபமா, வருத்தமா? 'செட்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காலம் தள்ளுவது? கெஞ்சினாள், எச்சரித்தாள், ஏங்கினாள் என்று ஆங்கிலத்தில் இத்தனை வினைச்சொற்கள் எதற்கு இருக்கின்றன? வாய் சொன்னதைக் காது கேட்கும், அதற்கு அடியில் இருப்பதையும் கேட்டுவிட்டு எடுத்துச் சொல்லுங்கள் என்றாள். தூதுப் பெண் கொஞ்சம் யோசித்தாள். திரும்பிப் போய், அவளுக்குப் பேனா போனதைவிடச் சிநேகிதி எடுத்ததுதான் வருத்தமாம், நாளைக்குப் பேசாமல் இருக்க அவளாலேயே முடியாதாம் என்று ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். குற்றவாளி தன் ஜியாமெட்ரி டப்பாவைத் திறந்து பேனாவைக் கொடுத்துவிட்டாள். அதுவரை அது டப்பாவுக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது.

குழுவின் தலைவியம்மாள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. இந்தப் பாடத்தில் எத்தனை வருஷப் பழக்கம் என்று கேட்டார். பள்ளியில் பத்தொன்பது, வீட்டில் ஒன்பது என்றாள் டீச்சர். வீட்டில் டியூஷன் எடுக்கிறாள் போலும் என்று எண்ணி, அவர் இரண்டையும் குறித்துக்கொண்டார்.

டியூஷன் இல்லை. வீட்டில் அவளுக்கு ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் இருந்தார்கள்.

கீழே பட்டறை, மேலே வீடு. சோபா, நாற்காலி, மெத்தைகளுக்கு உறை தைக்கிற பட்டறை. ஒரு பஸ்ஸை உள்ளே நிறுத்தலாம் போல நீண்ட கூடம். வாசல் பக்கம் அண்ணனின் வெட்டு மேசை, மறுகோடியில் ஜன்னலோரம் தம்பியின் தையல் மிஷின். நடுவில் ஃபோம் அட்டைகள் கூரைவரை அடுக்கி நிற்கும். மூலையில் ஒரு கம்ப்ரசர், ஸ்டேப்பிள் துப்பாக்கிக்குக் காற்று கொடுக்கிற பெயரில் நாளெல்லாம் இரைக்கும். அண்ணன் அளந்து வெட்டுவார், தம்பி தைப்பான். தெருவில் அண்ணனுக்குக் 'கத்திரி' என்றும் தம்பிக்கு 'ஊசி' என்றும் பெயர். இரண்டு பேரும் தொழிலில் கெட்டிக்காரர்கள். இரண்டு பேரும் ஒன்பது வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

காரணம் ஒரு பூ. ஒரு வீட்டுக்காரருக்குப் பூப்போட்ட துணியில் சோபா உறை. அண்ணன் ஏதோ ஞாபகத்தில் துணியைத் தலைகீழாகப் போட்டு வெட்டிவிட்டார். தம்பி பார்த்தான், சொல்ல வாயெடுத்தான். வெட்டுவது என் வேலை, தைப்பது உன் வேலை, வாயைத் திறக்காதே என்றார் அண்ணன். அவன் திறக்கவில்லை. வெட்டியதை வெட்டியபடியே நூல் பிசகாமல் தைத்துக் கொடுத்தான். வீட்டுக்காரர் வந்து பார்த்தால் முதுகு சாய்கிற இடமெல்லாம் பூக்கள் வௌவாலாகத் தலைகீழாகத் தொங்கின. தைக்கும்போது பார்த்திருப்பாயே, ஏன்டா சொல்லவில்லை என்று அவர் எதிரிலேயே அண்ணன் குதித்தார். வாயைத் திறக்காதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான் தம்பி. அன்றைக்கு மூடிய வாய்தான். அவனாக வந்து பேசட்டும் என்று அவர், திறக்கச் சொன்னால் திறக்கிறேன் என்று இவன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

மற்ற வீடுகளில் ஓரகத்திகள் முறைத்துக்கொள்வார்கள், அண்ணன் தம்பி நடுவில் கிடந்து விழிப்பார்கள். இங்கே ஓரகத்திகள் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே தட்டில் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேசாதவர்கள் ஆம்பிளைகள்தான். பேசாமல் சோபா தைக்க முடியாது. அளவு சொல்ல வேண்டும், மடிப்பு சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று சொல்லியே ஆக வேண்டும். எனவே நடுப்பிறந்தவள் நடுவில் வந்து நின்றாள். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்கு அவளுக்கு நேரமில்லை என்றது தெரு. வந்தவன் ஒருத்தனும் சரியில்லை என்றாள் அவள்.

காலையில் பள்ளிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், சாயங்காலம் வந்த பிறகு இரண்டு மணி நேரம். இடைப்பட்ட பகலில் இருவரும் சொல்ல வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்திருப்பார்கள். அவள் ஃபோம் அடுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் ஆரம்பமாகும். அண்ணன் மேசையைப் பார்த்தபடி, காற்றிடம் சொல்கிற மாதிரி ஆரம்பிப்பார்.

"அந்தத் தடிமாடு பைப்பிங்கைக் கோணலாத் தச்சு வச்சிருக்கான். அது கண்ணா புண்ணா?"

மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு நிற்கும். தம்பி தலையைத் தூக்கி, "அண்ணன் என்ன சொல்றாரு?" என்று கேட்பான்.

இடது ஓரத்தில் பைப்பிங் கரை ஒரு நூல் விலகியிருக்கிற மாதிரி தெரிகிறதாம், தம்பி ஒருமுறை பார்த்துவிட்டால் தேவலை என்கிறார் அண்ணன் என்பாள் அவள். அவர் அரை அங்குலம் குறைத்து வெட்டிய லட்சணத்துக்கு இதுவே அதிகம் என்று தம்பி முணுமுணுப்பான். அண்ணன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்பார். துணி அரை அங்குலம் குறைகிறதாம், அண்ணன் எடுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறான் என்பாள். அண்ணன் உறுமிவிட்டு அரை அங்குலம் எடுத்துக் கொடுப்பார். பைப்பிங் நேராகும்.

அவள் எதையும் விடுவதில்லை, கூட்டுவதுமில்லை. அளவு மாறாது, குறை மாறாது, நாள் கணக்கு மாறாது. வசவு மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடும். அந்த இடத்தில் 'அண்ணன்' என்றும் 'தம்பி' என்றும் இரண்டு சொற்கள் வந்து உட்காரும். அவர்கள் இருவருமே அந்தச் சொற்களைச் சொல்லி வருஷக் கணக்காகிறது. கம்ப்ரசர் போடுகிற கூச்சலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மேல்தான் முழுக் கட்டடமும் நின்றது. ஒரு பட்டறை இரண்டாக உடையாமல், ஓரகத்திகள் தனி அடுப்பு வைக்காமல் ஒன்பது வருஷம் ஓடியது தன் நாக்கால்தான் என்று அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை அது. அதனாலேயே அது இன்னும் பெரிதாக இருந்தது.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கில இலக்கணம் கற்றுத்தர ஐந்து பேரில் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய ஊர், அங்கேயே தங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தலைமையாசிரியர் கையில் பதில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் அந்தக் கடிதத்தைப் பள்ளிக் கழிவறையில் நின்று நான்கு முறை படித்தாள். நாற்பத்து நான்கு வயதில் ஒருத்திக்கு இப்படி உள்ளங்கால் குறுகுறுக்கும் என்று அவள் நினைத்ததில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் இனி வாத்தியார்களுக்குப் பாடம் சொல்லப் போகிறாள். அவர்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே அவள் ஒருத்திதான். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள், யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து ஃபோம் அடுக்குப் பக்கத்தில் நின்றதும் சிரிப்பு போய்விட்டது. அண்ணன் என்ன சொல்றாரு என்று தம்பி கேட்டான். நான் போனபிறகு இதை யாரிடம் கேட்பாய் என்று அவளுக்குத் தோன்றியது.

அண்ணியிடம் மட்டும் காட்டினாள். அண்ணிக்கு ஆங்கிலம் படிக்க வராது. முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, போய்விட்டு வா என்றார். நான் போனால் ஒரு மாதத்தில் கூடத்தின் நடுவே சுவர் வைப்பார்கள் என்றாள் இவள். வைத்தால் வைக்கட்டும், செங்கல் தூக்கியாவது இரண்டு பேருக்கும் தொந்தி குறையும் என்றார் அண்ணி. அவர் எப்போதும் அப்படித்தான். வீட்டில் இடி விழுந்தாலும் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பார்.

ஆனால் டீச்சரால் அப்படிச் சிரித்துத் தள்ள முடியவில்லை. ஓரகத்திகளில் ஒருத்தியைத் தூது வைக்கலாமா என்று பார்த்தாள். ஆளுக்கொரு புருஷன் பக்கம் இருக்கிறவர்கள், ஒரு வாரம் தாங்காது. எழுதிக்கொள்ளச் சொல்லலாமா? அண்ணன் எழுதுகிற கோபத்தைக் காகிதம் தாங்கும், தம்பி தாங்குவானா? மூன்று நாள் யோசித்து, வியாழக்கிழமை பள்ளியிலேயே உட்கார்ந்து பதில் எழுதினாள். வாய்ப்புக்கு நன்றி, குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க முடியாமல் போனதற்கு வருந்துகிறேன். அழகான ஆங்கிலம். தன் கையெழுத்தைப் பார்த்து அவளுக்கே அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் பட்டறை கொள்ளாத வேலை. ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்கு எண்பது நாற்காலிகளுக்கு ரெக்சின் உறை. சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நாற்பது முடிந்து அடுக்கி வைத்திருந்தது. அண்ணன் ஓர் உறையை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். டீச்சருக்குப் புரிந்துவிட்டது, ஏதோ வரப்போகிறது. ஃபோம் அடுக்கில் சாய்ந்து தயாராக நின்றாள்.

அண்ணன் வாயைத் திறந்த அதே நொடியில் மின்சாரம் போனது. மிஷின் நின்றது. கம்ப்ரசர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு அடங்கியது. ஆரம்பித்த வாயை நிறுத்தத் தெரியாமல் அண்ணன் பேசிக்கொண்டே போனார், அந்த நிசப்தத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது.

"இவன் கையில ஊசியக் குடுத்தவனைத்தான் உதைக்கணும். நாப்பது உறையிலயும் ஜிப்பு முன்பக்கம். நோயாளி வந்து உக்காந்து பேண்ட்டக் கிழிச்சுக்கிட்டுப் போகவா? மூளைய அடகு வச்சிட்டு வந்திருக்கான்."

கூடத்தில் ஓர் ஈ பறந்தாலும் கேட்டிருக்கும். தெருவில் போன ஒருவர் இதைக் கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்த தம்பி தலையைத் தூக்கினான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அக்காவைப் பார்த்தான்.

"அண்ணன் என்ன சொல்றாரு?"

பழக்க தோஷம், அவள் வாயைத் திறந்துவிட்டாள். ஜிப் வைக்கிற பக்கத்தைப் பற்றி அண்ணன் என்று ஆரம்பித்தவள், பாதியில் நின்றாள். அவனையே பார்த்தாள். உள்ளே ஏதோ படி தவறிக் கால் கீழே போன மாதிரி இருந்தது.

"உனக்குக் கேக்கலையா?"

அவன் மிஷினிலிருந்து நூலை இழுத்து அறுத்தான்.

"கேட்டுச்சு" என்றான்.

"இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவும் கேக்கும்க்கா. அவரு குரலுக்குக் கம்ப்ரசர் எந்த மூலைக்கு."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவர் சாக்கட்டியால் மேசையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் துணி இல்லை. தானும் செவிடு இல்லை என்று அவனிடம் சொல்லச் சொன்னார்.

டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். ஒன்பது வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்கியிருக்கிறீர்கள் என்றாள். ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து, முள்ளை நீக்கி, நான் பெரிய சாமர்த்தியம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு நின்றேனே, உள்ளுக்குள் சிரித்தீர்களா என்று கேட்டாள். இதைத்தான் ஊரார் முன்னிலையில் பாடமாக நடத்தி வேறு வந்திருக்கிறேன் என்றாள். கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. அவளுடைய பெருமை முழுவதும் அந்தக் கம்ப்ரசரோடு சேர்ந்து காற்றிறங்கிப் போயிருந்தது.

தம்பி எழுந்து வந்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவனுக்குப் பேச்சு எப்போதும் ஒரு தையல், ஒரு முடிச்சு, அவ்வளவுதான்.

"சிரிக்கலக்கா. அவரு திட்டுறதும் கேக்கும், அப்புறம் நீ சொல்றதும் கேக்கும். ரெண்டுல எது அவரு மனசுல இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அவருக்கு அப்படிப் பேச வராது. நீ சொன்னாத்தான் அண்ணன் பேசுன மாதிரி இருக்கும். அதுக்குத்தான் கேக்குறது."

சாக்கட்டி தேய்கிற சத்தம் நின்றிருந்தது.

"அவன் சொல்றது சரின்னு சொல்லு" என்றார் அண்ணன், மேசையிடம்.

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள், முப்பது அடிதானே என்றாள். அண்ணன் மறுபடி கோடு போட ஆரம்பித்தார். அவள் பையிலிருந்து இரண்டு காகிதங்களையும் எடுத்து வெட்டு மேசையில் வைத்தாள். இது கல்லூரியிலிருந்து வந்தது, இது என் பதில் என்று இரண்டையும் தமிழில் சொன்னாள். எங்கே, என்ன வேலை, எத்தனை நாளைக்கு என்று எல்லாவற்றையும் சொன்னாள். நாளை மதியம்வரைதான் நேரம் என்றும், முடியாது என்று எழுதியிருப்பதாகவும் சொன்னாள்.

"நான் போயிட்டா உங்களுக்கு யாரு சொல்வா?"

அண்ணன் முத்திரையைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று காத்திருந்தாள். அப்போது பார்த்து மின்சாரம் வந்து தொலைத்தது. கம்ப்ரசர் அலறியது. தம்பி போய் மிஷினில் உட்கார்ந்தான், அண்ணன் உறைகளை எண்ண ஆரம்பித்தார். அவள் காகிதங்களை அங்கேயே விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். நாற்காலி தைக்கிறவர்களுக்கு உட்கார வைக்கத்தான் தெரியும், எழுந்து போ என்று சொல்லத் தெரியாது என்று அண்ணியிடம் வெடித்தாள். அண்ணி ஒரு டம்ளர் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பிக் கீழே வந்தாள். மறுப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்திருந்தாள். கூடம் அமைதியாக இருந்தது. கம்ப்ரசரின் செருகியைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். மேசையில் கல்லூரிக் கடிதம் வைத்தது வைத்தபடி இருந்தது, மேலே அளவு நாடா பாரமாக. மற்றதைக் காணோம்.

அது தம்பியின் மிஷின் மேல் இருந்தது. அவளுடைய மறுப்புக் கடிதத்தை ஜிப் மடிப்புக்கு மாதிரியாக வெட்டியிருந்தார்கள். நாற்பது உறைக்கும் ஜிப்பைப் பின்பக்கம் மாற்ற ஒரு வடிவம் வேண்டும், கைக்கு எட்டிய காகிதத்தை எடுத்துவிட்டார்கள். வெட்டு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அது அண்ணனின் கை. ஓரத்தில் பென்சிலால் அளவுகள், அது தம்பியின் எழுத்து. 'வருந்துகிறேன்' என்ற ஆங்கிலச் சொல் சரியாகப் பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. பன்னிரண்டு உறைகள் மாற்றித் தைத்து அடுக்கப்பட்டிருந்தன.

இது என்ன என்று அவள் கேட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அண்ணன் கத்திரியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். மேசையைப் பார்க்கவில்லை, காற்றைப் பார்க்கவில்லை, கூடத்தின் மறுகோடியைப் பார்த்தார்.

"டேய்."

தம்பி நிமிர்ந்தான். ஒன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தில் விழுந்த முதல் 'டேய்' அது.

"அவகிட்ட சொல்லு. கிளம்பச் சொல்லு. இங்க நின்னு என்னத்தக் கிழிக்கப் போறா? மத்தியானம் ஆச்சுன்னா வேற எவளாவது போய் அந்த நாற்காலியில உக்காந்துடுவா."

நடுவில் வந்து நின்ற அவளுக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது. என்னத்தக் கிழிக்கப் போறா என்பதும் கேட்டது. வேறு நாளாக இருந்தால் சுருக்கென்று இருந்திருக்கும். அவள் அண்ணனுக்குப் பதில் சொல்லவில்லை. மெல்ல மறுபக்கம் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"அண்ணன் என்ன சொல்றாரு?"

தம்பி எழுந்து நின்றான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். வகுப்பில் முதல் முறையாக எழுப்பப்பட்ட பிள்ளைபோல் உதட்டைக் கடித்தான். அவசரப்படாதே, கேட்டதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லவில்லை. அவன் தானே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அண்ணன் உன்ன நிம்மதியாப் போகச் சொல்றாரு. நம்ம வீட்டுலேருந்து ஒருத்தி போய் வாத்தியாருங்களுக்கே பாடம் எடுக்கப் போறா, இதைவிட நமக்கு என்ன வேணும்னு கேக்குறாரு. ராத்திரி பூரா தூங்கலையாம். பெருமையா இருக்காம். நீ இல்லாம கஷ்டம்தானாம், ஆனா நாங்க பழகிக்குவோம்னு சொல்றாரு."

அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினார்.

"நான் அப்படியாடா சொன்னேன்?"

"ஆமாண்ணா. அப்படித்தான் சொன்னீங்க."

அந்த 'அண்ணா'வை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, இடையில் செருகவும் இல்லை. அது அவன் வாயிலிருந்து தானாக வந்தது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள், யாரைப் பார்த்தும் அவள் இப்படிப் பூரித்ததில்லை. அளவு நாடாவை எடுத்துவிட்டுக் கல்லூரிக் கடிதத்தைப் பையில் வைத்தாள். அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தாள். இத்தனை வருஷம் இரண்டு பேர் பேச்சைச் சுமந்த நாக்குக்குத் தன் பேச்சு ஒன்று வரவில்லை. வாசற்படியில் நின்று தம்பியிடம்தான் சொல்ல முடிந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லு. நான் போயிட்டு வரேன்னு."

தம்பி மேசைப் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, அக்கா போயிட்டு வராங்களாம்."

"கேட்டுச்சுடா" என்றார் அண்ணன்.